முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே

எங்கள் மையத்தில் யார் கையிலும் மண் பட்டதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்ப்பலகையில் தொல்லியல் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே கடப்பாரையும் மண்வெட்டியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சிலர் வருவார்கள். நாங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் பிரிவு; இருப்பது சுபாங் ஜெயாவில், ஒரு பேரங்காடிக்கு மேலே, ஒன்பதாவது மாடியில். எங்களிடம் இருக்கும் ஒரே கூர்மையான கருவி கேக் வெட்டும் கத்தி. அதற்கு வாரம் ஒரு தடவையாவது வேலை வந்துவிடும்.

முழுப் பெயர், கணிமைத் தொல்லியல் உன்னத மையம். உன்னதம் என்ற சொல்லை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம் என்று வெளியே ஒரு பேச்சு உண்டு. அது பொய். முறைப்படி விண்ணப்பித்துத்தான் பெற்றோம். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். என் பெயர் லோகேஸ்வரி. பதினோரு வருடமாக அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி. செந்தூலிலிருந்து தினமும் இரண்டு ரயில் மாறி வந்து கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். எங்கள் குறிப்பில் வலது ஓரத்தில் ‘செயல்’ என்று ஒரு கட்டம் உண்டு. பேசி முடித்த காரியத்தை யார் செய்ய வேண்டுமோ அவர் பெயரை அதில் போட வேண்டும். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் அதிகமாக எழுதிய சொல் ‘தகவலுக்காக’. அதாவது எல்லோருக்கும் தெரிவித்தாயிற்று, யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்று பொருள்.

டாக்டர் சிவநேசன் அங்கே ஆய்வாளர். முப்பத்தெட்டு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியில் மனைவியோடும் இரட்டைப் பெண் குழந்தைகளோடும் இருந்தார். ஒப்பந்த வேலை; மூன்றாவது ஒப்பந்தத்தின் கடைசி வருடம் ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த பானை ஓடுகளின் படங்களைக் கணினிக்குக் காட்டி, எது எந்தக் காலத்தது என்று அதையே சொல்லவைத்து முனைவர் பட்டம் வாங்கியவர். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு முறை கணினி சரியாகச் சொன்னதாம். ஆனால் ஒரு பானை ஓட்டைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. ஒரு நாள் கரிபாப் தின்றுகொண்டே இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். எங்கள் முனைவர்களில் வெட்கப்படத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கிள்ளானுக்கு அப்பால் ஒத்தப்பாலத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, கடைசியில் மிஞ்சியது இடுகாடு மட்டும். அந்த நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. இடுகாட்டில் எத்தனை சமாதி இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தால்தான் கட்ட அனுமதி கிடைக்கும். அறிக்கையில் வரும் ஒவ்வொரு சமாதிக்கும் வாரிசைத் தேடிப் பிடித்து, சடங்கு செய்து, எலும்பை எடுத்து, வேறு இடத்தில் அடக்கம் செய்ய வேண்டும். அறிக்கையில் வராதது வெறும் நிலம். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. எங்கள் இயக்குநர் பேராசிரியர் திருமுருகன் கேக் வெட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் டிரோனை எடுத்துக்கொண்டு போனார். களப்பணிப் படிவத்தில் இருவர் என்று போட்டிருந்ததால் நானும் போனேன். அவர் டிரோனை ஓட்டினார், நான் அவருக்குக் குடை பிடித்தேன். அங்கே ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் டின்களில் தண்ணீர் தூக்கிவந்து குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கன்னையா என்று பெயர் சொன்னார். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தாராம். அவருடைய மகள் நாலு வயதில் டெங்கியில் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடமாகிறது. நான் சுற்றிலும் பார்த்தேன். முன்வரிசைகளில் கொஞ்சம் கல் சமாதிகள். அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் வண்ண வண்ணச் செடிகள்.

“கல்லு வைக்கலாம்னு இருந்தப்ப தோட்டத்த வித்துட்டாங்க தம்பி. அப்ப வந்த புது மொதலாளி, சிமெண்டு வேல எதுவும் பண்ணக்கூடாதுன்னு போர்டு நட்டுட்டான். செடி நட்டா என்ன பண்ணுவான்? அதான் ஆளுக்கு ஒரு கலரு வச்சோம். இது எங்க குமுதா. மஞ்ச எல, செவப்புப் புள்ளி. இந்த ஜாதி இங்க வேற யாருக்கும் கெடையாது.”

படத்தில் இதெல்லாம் வருமா என்று கேட்டார்.

“கவலப்படாதீங்கண்ணே, கேமரா எதையும் விடாது” என்றார் சிவநேசன்.

அவர் பொய் சொல்லவில்லை. கேமரா எதையும் விடவில்லை.

ஆனால் படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் படங்களைக் கணினியில் போட்டால் அது அவற்றை ஒட்டவைத்து நிலத்தை உருவமாக்கித் தரும். புல்லும் புதரும் தரையை மறைக்கும் என்பதால் முதலில் செடிகொடிகளையெல்லாம் நீக்கிவிட வேண்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. சமைப்பதற்கு முன் அரிசி களைவதுபோல, அதைப்பற்றி யாரும் யோசிப்பதில்லை. சிவநேசனும் பொத்தானை அழுத்திவிட்டு தே தாரேக் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது நிலம் துடைத்த மேசைபோல் சுத்தமாக இருந்தது. நின்ற அறுபது கற்களில் ஐம்பத்தெட்டைக் கணினி தானாகவே கண்டுபிடித்திருந்தது. மீதி இரண்டும் உடைந்து குட்டையானவை. துல்லியம் தொண்ணூற்றாறு புள்ளி ஏழு விழுக்காடு. இன்னொரு கேக்.

ஃபர்ஹானா என்று எங்கள் மையத்தில் ஓர் அதிகாரி உண்டு. எல்லோருடைய கேபிஐயையும், அதாவது யார் எந்த இலக்கை எட்டினார்கள் என்ற எண்களை, கணக்கெடுத்துப் பதிவது அவர் வேலை. தொண்ணூற்றாறு புள்ளி ஏழை அன்றைக்கே கணினியில் ஏற்றிப் பூட்டினார். மறுநாள் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டு ஆள் உயரத்துக்குப் பதாகை நின்றது.

இரண்டு வாரம் கழித்து கன்னையா லோரியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு ஒன்பதாவது மாடிக்கு வந்துவிட்டார். மகள் இருக்கிற இடத்தைக் கணினியில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். சிவநேசன் சந்தோஷமாகத்தான் அவரை உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். கன்னையா விரலை வைத்துத் தேடினார். பெரிய கங்காணியின் கல்லைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து பதினேழு அடி என்று சொல்லி விரலை நகர்த்தினார். அந்த இடத்தில் வெறும் தரை இருந்தது.

“இங்கதான் தம்பி தண்ணி ஊத்துவேன்” என்றார்.

சிவநேசனின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீக்கிய செடிகளை ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பக் கொண்டுவந்தார். திரை முழுக்கக் குரோட்டன்ஸ் எழுந்தது, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஆறடி இடைவெளி விட்டு. தானாக முளைக்கும் செடி எங்கே வரிசையில் முளைக்கிறது? சிவநேசன் எண்ணினார். முந்நூற்று ஐம்பத்தொன்று. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கன்னையாவிடம் சொன்னார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதான் திரும்ப வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்டார்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் இருவரும் இடுகாட்டில்தான் இருந்தார்கள். எந்தச் செடி யாருடையது என்று கன்னையா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். சுங்கை வேயிலிருந்தும் செந்தூலிலிருந்தும் ஆட்கள் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். சிவநேசன் ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து, ஆள் பெயரோடு பதிந்தார். வீரம்மா, கருநீலம். தங்கராஜ், நீட்டு இலை. பவுனம்மாளும் பிறந்த அன்றே இறந்த குழந்தையும், ஒரே செடி. பத்து வருடம் தொல்லியல் ஆய்வு செய்தவர் முதன்முதலாக நகக்கண்ணில் மண்ணோடு அலுவலகம் வந்தார். அந்தப் பட்டியலை அறிக்கையில் பின்னிணைப்பாகச் சேர்த்து, சமாதிகள் நானூற்றுப் பதினொன்று என்று மாற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கூட்டத்துக்கு வைத்தேன்.

அந்தக் கூட்டத்தை நான் மறக்கமாட்டேன். முதலில் எல்லோரும் நாசி லெமாக் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு ஃபர்ஹானா ஒரு கணக்குச் சொன்னார். நானூற்றுப் பதினொன்றில் கணினி கண்டுபிடித்தது ஐம்பத்தெட்டு என்றால் துல்லியம் பதினாலு விழுக்காடு ஆகிவிடும். சிவநேசன், ஆமாம், உண்மையான துல்லியம் அதுதான் என்றார். கூட்டத்தில் எல்லோரும் அவரை, நோய் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“ஏத்துன நம்பர எறக்க முடியாது டாக்டர். சிஸ்டத்துல எறக்குறதுக்குப் பட்டனே வைக்கல” என்றார் ஃபர்ஹானா. அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே அந்தப் பொத்தான் இல்லை.

பேராசிரியர் திருமுருகன் அரை மணி நேரம் பேசினார். அவர் பேச்சு முழுவதும் என் குறிப்பில் இருக்கிறது. செடி என்பது தாவரவியல் பிரிவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அடுத்தவர் துறையில் நாம் தலையிடுவது ஆய்வு நாகரிகம் ஆகாது என்றார். ஆகவே செடிகளைப் பற்றித் தாவரவியல் பிரிவிடம் கருத்துக் கேட்பது என்று முடிவானது. சமாதி என்றால் என்ன என்று அறிக்கையில் ஒரு வரையறை இல்லாததுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்று கண்டுபிடித்தார். கல் அல்லது சிமெண்டால் ஆனது, தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் உடையது என்று அங்கேயே வரையறுத்தார்கள். உடைந்த இரண்டு கற்களும் அதைவிடக் குட்டை என்பதால் அவையும் சமாதி இல்லை என்றாகிவிட்டது. ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. துல்லியம் நூறு விழுக்காடு. ஏற்றுவதற்குப் பொத்தான் இருந்ததால் ஃபர்ஹானா உடனே ஏற்றிவிட்டார்.

சிவநேசன் எழுந்து, அங்கே ஆட்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் பெயர்கூட நம்மிடம் இருக்கிறது என்றார்.

“சிவா, நாம சயின்ஸ் பண்றோம். ஜனங்க சொல்றதே டேட்டான்னா அப்புறம் நாம எதுக்கு லா?” என்றார் திருமுருகன்.

அதற்கும் மேலே, பெயர்களை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்டார். பட்டியல் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. அங்கே மூன்று பேர், அவர்களுக்கும் நான்தான் குறிப்பெழுதுவது. கன்னையாவிடம் பன்னிரண்டு பக்க ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது வாங்கித் தருகிறேன் என்று சிவநேசன் கேட்டுப் பார்த்தார். ஒப்புதலுக்குப் பிறகுதான் தகவல் வர வேண்டும், தகவலுக்குப் பிறகு ஒப்புதல் வந்தால் அது நெறிமுறை மீறல். பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்பதால் வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். வாரிசு என்று நிரூபிக்க, இறந்தவருக்கு அங்கே சமாதி இருப்பதற்கான சான்று வேண்டும். சான்று எது என்று சிவநேசன் கேட்டார். மூவரும் கூடிப் பேசிவிட்டு, நம்முடைய அறிக்கைதான் என்றார்கள். இறந்தவர்களின் கண்ணியத்தைக் காப்பாற்ற, ஒப்புதலின்றிப் பெற்ற பட்டியலைப் பதினான்கு நாளுக்குள் அழித்துவிட வேண்டும் என்று தீர்மானமானது. எழுதிக்கொண்டேன்.

தாவரவியல் பிரிவிலிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தக் கடிதத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. முந்நூற்று ஐம்பத்தொரு முதிர்ந்த குரோட்டன்ஸ், சில அரிய வகைகள், ஒன்றைக்கூட அழிக்கக்கூடாது, வேரோடு எடுத்துப் பத்திரமாக வேறு இடத்தில் நட வேண்டும். வீடமைப்பு நிறுவனம் பெருந்தன்மையோடு சம்மதித்தது.

மாதக் கடைசியில் சிவநேசனின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கும் கடிதத்தையும் இறுதி அறிக்கையையும் ஒரே கிளிப்பில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார், சாப்பிடப் போகவில்லை. ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். அவரைத் திட்ட நினைப்பவர்கள் திட்டிக்கொள்ளலாம். நான் திட்டவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தவள் நான்தான்.

கணினியில் உருவாக்கிய இடுகாட்டின் வெளியீட்டு விழா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. விழா என்றால் ஒரு கிமிக் வேண்டுமே. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் கண்ணாடி உருண்டையில் கையை வைத்தார். புகை வந்தது, இடி இடித்தது, திரையில் இடுகாடு தோன்றியது. டத்தோ மனமுருகிப் பேசினார். நம் முன்னோரைப் பார்க்க இனி யாரும் வெயிலில் கிள்ளானுக்கு அலைய வேண்டாம், அசலைவிட இதுதான் சுத்தமாக இருக்கிறது, கொசு கிடையாது என்றார். கைதட்டினார்கள். அந்த வாரமே நிலத்தில் வேலை ஆரம்பித்துவிட்டது என்ற நல்ல செய்தியையும் சொன்னார். அதை மலாயில் சொன்னார், வேகமாகச் சொன்னார். ‘சமூகப் பிரதிநிதி’ என்று அட்டை குத்திக்கொண்டு கடைசி வரிசையில் பாத்திக் சட்டையோடு உட்கார்ந்திருந்த கன்னையாவுக்கு அது எட்டியதா என்று எனக்குத் தெரியாது. திட்டத்தில் ஒரு சமூகப் பிரதிநிதி கட்டாயம் என்பதால் அவரை அழைத்திருந்தோம். நினைவுப் பையில் பேனாவும் குவளையும் கொடுத்தோம்.

அவரை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணில் மெய்நிகர் காட்சி காட்டும் பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். போட்டுக்கொண்டால் நேரில் நிற்பதுபோலவே இருக்கும். கன்னையா முதலில் கையை நீட்டித் தடவினார். பிறகு தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கங்காணி கல்லைக் கண்டுபிடித்திருக்க வேண்டும், அங்கிருந்து காலை எண்ணி எண்ணி வைத்தார். வழியில் இருந்த ஒரு மேசையை இரண்டு பேர் அவசரமாக நகர்த்தினார்கள். பதினேழாவது அடியில் நின்றார். குனிந்தார். கம்பளத்தை இரண்டு கையாலும் துழாவினார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

“தங்கச்சி, தண்ணி இருக்கா?” என்று கேட்டார்.

தாகம் என்று நினைத்து ஒரு பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தேன். அவர் அதைக் கம்பளத்தில் ஊற்றினார். சிந்தாமல், மெதுவாக, வேரடியில் ஊற்றுவதுபோல வட்டமாக ஊற்றி முடித்தார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. புகைப்படக்காரர் மண்டியிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இந்த வருடம் எங்கள் ஆண்டறிக்கையின் அட்டை. கண்ணாடியைக் கழற்றியதும் கன்னையா சிவநேசனைத் தேடிப்போய், செடியைத் திரும்பவும் எடுத்துவிட்டீர்களா தம்பி என்று கேட்டார். அதே சமயம் விருது வாங்க மேடையிலிருந்து சிவநேசன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் போனார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஈரக் கம்பளத்தைத் துடைக்க வந்த பெண்ணோடு நானும் வெளியே வந்துவிட்டேன்.

ஐம்பத்தெட்டு சமாதிகளும் சகல மரியாதையோடு வேறு இடத்துக்குப் போயின. டாக்டர் சிவநேசன் நிரந்தரமாகி, மூத்த விரிவுரையாளர் ஆனார். இப்போதெல்லாம் அவர் என்னோடு கரிபாப் சாப்பிட வருவதில்லை.

ஐந்து மாதம் கழித்து கன்னையா எனக்குப் போன் செய்து கிள்ளானுக்கு வரச்சொன்னார். அந்த வீடமைப்புக்கான விற்பனைக் கூடத்தின் வாசலில் காத்திருந்தார். பாதையின் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ், வரிசையாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் தாவரவியல் பிரிவின் எண் தொங்கியது. கார் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒன்றைக் காட்டினார். மஞ்சள் இலை, சிவப்புப் புள்ளி. நன்றாகத் தழைத்திருந்தது. அடியில் கறுப்புக் குழாய் ஓடியது. தானாகச் சொட்டும், யாரும் ஊற்றக்கூடாது என்று காவலுக்கு நிற்கும் ஜாகா சொல்லிவிட்டானாம். பின்னால் மண்ணை நிரவி, வேலியடித்து, லாட் லாட்டாகப் பிரித்திருந்தார்கள். கங்காணி கல்லும் இல்லை, அளப்பதற்கு எதுவும் இல்லை.

“செடி கெடச்சிருச்சி தங்கச்சி. புள்ள எங்க இருக்குன்னுதான் தெரியல. தம்பி அளந்து எழுதுனாரே, அதுல பாத்து எந்த லாட்டுன்னு சொன்னீங்கன்னா போதும். வீடு கட்டி ஆளுங்க வந்தப்புறம், ஒரே ஒரு தடவ உள்ள விடுங்கன்னு கேட்டுக்குவேன். தொந்தரவு பண்ண மாட்டேன்.”

பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சிவநேசனிடம் போய்க் கேட்டேன். மூலப் படங்கள் ஒப்பந்தப்படி நிறுவனத்துக்குப் போய்விட்டன, தன்னிடம் வேறு பிரதி கிடையாது என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, பட்டியல் உங்ககிட்டதானே கடைசியா இருந்துச்சு அக்கா என்றார். என் மேசைக்கு வந்து நெறிமுறைக் குழுவின் குறிப்பை எடுத்தேன். ஏழாவது உருப்படி: ஒப்புதலின்றிப் பெற்ற பட்டியல் அழிக்கப்பட வேண்டும். எதிரே, செயல் என்ற கட்டத்தில், ‘லோகேஸ்வரி’ என்று இருந்தது. நான் எழுதியதுதான். பதினான்கு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் அன்றைக்கு மதியமே அழித்துவிட்டேன். அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதபடி கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, அச்சடித்த ஒரு பிரதியையும் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். யாரும் என்னைத் துரிதப்படுத்தவில்லை. ரயிலைப் பிடிக்க வேண்டுமே என்று நானாகத்தான் முடித்தேன். எங்கள் மையத்தில், இந்தப் பதினோரு வருடத்தில், ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கன்னையா போன் செய்தார். தேடிக்கொண்டிருக்கிறோம் அண்ணே, கிடைத்ததும் சொல்கிறேன் என்றேன். அவசரமில்லை தங்கச்சி, மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்கு நன்றி சொன்னார்.